வாசலில் கொட்டிய தண்ணீர்

மூன்றாவது வாளியையும் வாசல் கல்லில் கவிழ்த்த பிறகுதான் பெய்லாவுக்கு அப்பா சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. கொல்லைப்பக்கம் கொட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். நான் எந்த நாளில் போனாலும் சரி, வாசலில் மட்டும் வேண்டாம் என்று குளிர்காலம் முழுக்க இருமலுக்கு நடுவே அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் அதற்குள் படி இறங்கி, சரிவைப் பிடித்து, நடுத்தெருவுக்கு ஓடிவிட்டது. அடுத்த வீட்டு ஸ்தாகோவா ஈஸ்டருக்காக வாசல் நிலைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்த தண்ணீரைப் பார்த்ததும் காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள். சுண்ணாம்பு மட்டை கையில் இருக்க, இன்னொரு கையால் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். மட்டையைச் சட்டியில் போட்டுவிட்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோயில் பக்கமாக நடந்தாள்.

அன்று பெரிய வெள்ளி. நேற்றிலிருந்து கோயில் மணி ஊமை. மணிக்குப் பதிலாக மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டு ஒரு கூட்டம் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யூதர் வீடுகளில் எல்லாம் சன்னல் பலகைகள் சாத்தியிருந்தன. அந்தப் பலகைகளில் கட்டையை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவது ஓல்ஷ்னா ஊரில் வழக்கம்.

யூதர் வீட்டில் உயிர் போனால் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்பதும் வழக்கம்தான். ஆள் போய்விட்டான் என்று வாயால் சொல்லக் கூசும். தண்ணீர் போய்ச் சொல்லிக்கொள்ளும். சாவைக் கொண்டுவருகிறவன் தன் கத்தியை அந்த வீட்டுத் தண்ணீரில்தான் அலசிவிட்டுப் போகிறான் என்பது பெரியவர்கள் சொல். காலராவில் பாதி ஊர் செத்த வருடம், அப்பாவுடைய தாத்தா இப்படித்தான் வாசலில் கொட்டினாராம். ஏன் கொட்டினாய் என்று தெருவில் கேட்டார்கள். கத்தி அலசிய தண்ணீர் என்று அவர் உள்ளதைச் சொன்னார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கிணற்றில் விஷம் கலந்தவன் என்று, அவர் தோண்டிய கிணற்றிலேயே அவரைப் போட்டார்கள்.

அந்த வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிணறு தோண்டுகிற வேலை. அப்பா ஃபைவிஷ் மட்டும் ஊருக்குள் பதினொரு கிணறு தோண்டியிருந்தார். கோயில் திடலில் இருப்பது ஏழாவது.

பெய்லா வாளிகளை உள்ளே கொண்டுவந்து வைத்தாள். அப்பா தரையில் வைக்கோல்மேல் வாசலுக்குக் கால் நீட்டிக் கிடந்தார். தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி. அவள் புருஷன் ஸெலிக் கொல்லையில் மிச்ச ரொட்டித் துணுக்குகளை எரித்துக்கொண்டிருந்தான். அன்று இரவு யூதர்களின் பாஸ்கா பண்டிகை. புளித்த மாவு ஒரு துகள்கூட வீட்டில் இருக்கக் கூடாது. பிணம் கிடக்கிறதே என்று அது நிற்காது. சுமை தூக்கிக் காய்த்துப்போன கையால் சாம்பலைக் கிளறிவிட்டு அவன் உள்ளே வந்தான். ஈரமாக இருந்த வாசல் கல்லைப் பார்த்தான்.

"வாசல்லயா கொட்டினே?"

அவள் தலையை ஆட்டினாள்.

"யாரு பாத்தா?"

"ஸ்தாகோவா."

ஸெலிக் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் போய் வாசற்கதவுக்குக் குறுக்குக்கட்டை போட்டான்.

அடக்கக் குழுவின் தலைவர் கால்மன், கொல்லைக் கொல்லையாக வேலி தாண்டி வந்து சேரும்போது காலை ஒன்பது மணி ஆகியிருந்தது. கண்ணாடி பதிக்கிற தொழில் அவருக்கு. ஈஸ்டர் முடிந்தால் எனக்குத்தான் அறுவடை, ஊரில் ஒரு யூதன் சன்னலிலும் கண்ணாடி இருக்காது என்று வருடா வருடம் சொல்லுவார். இன்றைக்கு அதைச் சொல்லவில்லை. வழியில் போலீஸ் சேவகனைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தார். தொப்பியில் இறகு வைத்த அந்த ஆள் ஒத்துக்கொண்ட கணக்கு இதுதான்: ஆறு ஆண்கள், அதற்கு மேல் ஒருத்தர் கூடாது. திடல் வழியாகப் போகக் கூடாது, செங்கல் சூளை வழியாகத்தான் போக வேண்டும். வாய்விட்டு அழக் கூடாது.

"பத்து ஆம்பளைங்க இல்லாம சாவுப் பிரார்த்தனை எப்படிச் சொல்றது?" என்றான் ஸெலிக்.

"சொல்ல முடியாது. மண்ணு போடலாம். அது போதும்னு இருப்போம்."

பொழுது சாய்வதற்குள் மண் போட வேண்டும். சாய்ந்துவிட்டால் ஓய்வுநாள், அதோடு பாஸ்கா. நாளையும் மறுநாளும் மண்வெட்டி எடுக்கக் கூடாது. அப்புறம் திங்கள். மூன்று நாள். ஈஸ்டர் அன்று யூதன் வீட்டுக்குள் ஒரு பிணம் இருக்கிறது என்று வெளியே தெரிந்தால், அது யாருடைய பிணம் என்று நின்று கேட்பதற்கு ஆள் இருக்காது. பாஸ்கா ரொட்டிக்குக் கிறிஸ்தவப் பிள்ளையின் ரத்தம் வேண்டுமாமே என்கிற பேச்சு ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கேயாவது ஓர் ஊரிலிருந்து கிளம்பி வந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பயந்தே அந்த வீட்டில் பண்டிகைக்குச் சிவப்புத் திராட்சை ரசம் வாங்கமாட்டார்கள், வெள்ளைதான்.

கால்மன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குளிப்பாட்டத் தண்ணீர் எங்கே என்று கேட்டார்.

பெய்லாவும் ஸெலிக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் ஒரு சொட்டு இல்லை. கழுவ மூன்று வாளி வேண்டும். பிறகு தலையிலிருந்து கால்வரை தாரை அறாமல் ஊற்ற மூன்று வாளி. அக்கம்பக்கத்து யூத வீடுகளிலும் இந்நேரம் கொட்டியிருப்பார்கள். சாவு வீட்டை ஒட்டிய வீடுகளிலும் கொட்டுவதுதான் முறை. பிணம் கழுவ ஆற்றுத் தண்ணீர் எடுக்கலாம். ஆனால் ஆற்றங்கரையில்தான் யூதாஸ் பொம்மையை எரிக்க விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மற்றக் கிணறுகள் எல்லாம் கிறிஸ்தவர்களின் வேலிக்குள். மிஞ்சியது கோயில் திடலில் இருக்கிற பொதுக் கிணறு.

"நான் போறேன்," என்றாள் பெய்லா. ஆண்பிள்ளை போனால் அடி விழும். பொம்பளை என்றால் வாய் வசவோடு போகும். எல்லாரும் பிரசங்கம் கேட்கக் கோயிலுக்குள் இருக்கிற நேரமாகப் பார்த்து நுகத்தைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் வாளியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சின்ன வயதில் அவள் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள், இந்த ஒரு நாள் மட்டும் ஏன் இப்படி என்று. அப்பா சிரித்தார். "வருஷத்துல முந்நூத்தி அறுபத்து நாலு நாள் நான் கிணறு வெட்டுற ஃபைவிஷ். ஒரு நாள் மட்டும் அவங்க சாமியக் கொன்னவன். ஒரு நாள்தானே, உள்ள உக்காந்துக்குவோம்." அவருடைய கூட்டாளி வாலெந்தியிடமும் அவள் ஒருமுறை கேட்டாள். எதிர்வீட்டுக்காரர்தான். இருபது வருடம் அப்பாவைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கியவர், மேலே நின்று உருளையைச் சுற்றியவர். அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். வாலெந்தி மாமா கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு, உங்கப்பன் இல்லம்மா, பழைய காலத்துல, புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு, இவன் ரத்தப்பழி எங்கமேலயும் எங்க புள்ளைங்கமேலயும் இருக்கட்டும்னு உங்க ஆளுங்களே சொன்னாங்களாம், சாமியார் படிப்பாரு என்றார். நீங்க படிச்சீங்களா என்று கேட்டாள். எனக்கு ஏது எழுத்து என்றார்.

இரண்டு வருடம் முன்பு மேற்கே எல்லா ஊர்களிலும் யூதர் கடைகளை உடைத்த சமயம், ஓல்ஷ்னாவுக்கும் கூட்டம் வந்தது. அன்றைக்கு அப்பாவைப் பாதி தோண்டிய கிணற்றுக்குள் இறக்கி, மேலே பலகை போட்டு, பலகைமேல் உட்கார்ந்து குழாய் புகைத்துக்கொண்டிருந்தவர் இதே வாலெந்தி மாமாதான். விடிந்ததும் மேலே இழுத்துவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த அப்பாவுக்கு இருமல் ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். அப்புறம் அது விடவே இல்லை.

திடலில் ஆள் இருக்காது என்று நினைத்தது தப்பு. கிணற்றைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஸ்தாகோவா போய்ச் சொல்லி, கிணற்றுக்குக் காவல் போட்டிருந்தார்கள். கிணற்றைப் பற்றித் தெரிந்த ஆள் வேண்டுமே என்று வாலெந்தியைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். சிலுவை தூக்குகிற சபையாருடைய சிவப்பு மேலங்கி போட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெய்லாவைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. எதிர்வீடு. தண்ணீர் ஓடியதைப் பார்த்திருப்பார். பாட்டி செத்தபோதும் அம்மா செத்தபோதும் பார்த்தவர்.

அவருக்குப் பின்னால், கோயில் சுவரோரம், கம்பத்தில் வைக்கோல் யூதாஸ் தொங்கியது. செம்பட்டைச் சணல் தாடி. கழுத்தில், காட்டிக்கொடுத்து வாங்கிய காசு என்று, ஓட்டுச்சில் நிரப்பின பை. தலையில் தோல் குல்லாய்.

அந்தக் குல்லாய் அப்பாவுடையது. கிணற்றுக்குள் கல் விழுந்தால் மண்டை உடையாமல் இருக்க உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்தது. காதுப் பக்கம் ஒட்டுப்போட்டது பெய்லாதான். போன இலையுதிர் காலத்தில் அப்பா வேலையை நிறுத்தியபோது, கருவிகளோடு அதுவும் வாலெந்தியின் கொட்டகையிலேயே இருந்துவிட்டது.

அவள் பார்ப்பதை வாலெந்தி பார்த்தார்.

"வந்துட்டா பாருங்க," என்றாள் ஸ்தாகோவா. "காலைல கொட்டுனா. இப்ப எடுக்க வர்றா. நடுவுல என்ன வேலைன்னு கேளுங்க."

"அப்பா போயிட்டாரு," என்றாள் பெய்லா. "குளிப்பாட்டணும்."

ஒரு கிழவர் தொப்பியை எடுக்கக் கையை உயர்த்தி, என்ன நாள் என்று ஞாபகம் வந்து காதைச் சொறிந்துகொண்டார்.

"செத்தா ஏன் தண்ணியக் கொட்டணும்?" என்றாள் ஸ்தாகோவா. "நல்ல தண்ணிதானே அது? என்ன இருந்துச்சு அதுல?"

பெய்லாவுக்கு அப்பாவுடைய தாத்தா சொன்ன பதில்தான் ஞாபகம் வந்தது. கத்தி அலசிய தண்ணீர். உள்ளதைச் சொன்னால் அதுவே வாக்குமூலம். பொய் சொல்லலாம் என்றால் அந்த நேரம் பார்த்து ஒரு பொய்யும் வரவில்லை. அவள் வாலெந்தியைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும். அம்மா செத்த அன்று, வேலைக்கு வந்தவர், ஓடுகிற தண்ணீரைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வந்து அப்பாவின் தோளைப் பிடித்தார்.

ஸ்தாகோவாவும் அவரைத்தான் திரும்பிப் பார்த்தாள். "நீ சொல்லு வாலெந்தி. இருபது வருஷம் அவனோட கெடந்தியே. இவங்க எதுக்குக் கொட்டுறாங்க?"

வாலெந்தி கயிற்றை ஒரு சுற்று கையில் சுற்றினார்.

"எனக்கு என்ன தெரியும்," என்றார். "அவன் கீழ இருந்தான். நான் மேல நின்னவன்."

யாரோ சிரித்தார்கள். வாளிக்குள் என்ன இருக்கிறது, கவிழ்த்துக் காட்டச் சொல் என்று ஒரு குரல் வந்தது. பெய்லா நுகத்தை இறக்கி, இரண்டு வாளியையும் கவிழ்த்துப் பிடித்தாள். நாலைந்து சொட்டு விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து எல்லாரும் ஓர் அடி தள்ளி நின்றார்கள்.

பிறகு அவள் கயிற்றுக்குக் கை நீட்டினாள்.

"தொடாதே," என்றார் வாலெந்தி.

அவரே உருளையைச் சுற்றி, தண்ணீர் சேந்தினார். அவளுடைய வாளியில் தன் வாளி படாமல், ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினார். அவளைக் காப்பாற்றத் தொடாதே என்றாரா, கிணற்றைக் காப்பாற்றவா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைத் தேடினாள். அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நடையும் அப்படியே. முதுகுக்குப் பின்னால் யாரும் எதுவும் எறியவில்லை. வீட்டுக்குள் கால்மனும் இன்னும் இரண்டு பேரும் கழுவ ஆரம்பித்திருந்தார்கள். மூன்றாம் நடையில் அவள் நிரம்பிய வாளிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது கோயில் கதவு திறந்தது. பிரசங்கம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். மரக்கட்டைகள் ஒன்றாகத் தட்டத் தொடங்கின. உள்ளே அழுது வந்த முகங்கள். பெய்லா ஓடவில்லை. ஓடினால் துரத்தத் தோன்றும் என்று அப்பா சொல்லுவார். நாய்க்கும் கூட்டத்துக்கும் ஒரே புத்தி. அவள் நடந்தாள். தெரு முனையில் ஒரு கல் வந்து வலது வாளியில் பட்டது. வாளி சாய்ந்து பாதித் தண்ணீர் அவள் பாவாடையில் கொட்டியது. நிமிர்ந்து பார்க்காமல் இடது கையால் நுகத்தைச் சமன் செய்துகொண்டு வீடு சேர்ந்தாள்.

அரை வாளி குறைந்தது. கால்மன் அளவைப் பார்த்தார். சட்டப்படி இது போதும் என்றார். மூன்று பேராக நின்று, ஒருவர் வாளி தீருமுன் அடுத்தவர் தொடங்கி, தாரை அறாமல் ஊற்றினார்கள். பெய்லா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சத்தத்தை மட்டும் கேட்டாள். நிற்காமல் விழுந்தது. பிறகு கால்மன் எட்டிப்பார்த்து, கால் நகத்துக் களிமண் மட்டும் போகவில்லை என்றார்.

"இன்னொரு வாளி கொண்டு வரவா?"

"ஆத்தையே கொண்டு வந்தாலும் போவாதும்மா. முப்பது வருஷக் களிமண்ணு. அதோட போகட்டும்."

நாலு மணிக்குக் கொல்லை வழியாக எடுத்தார்கள். ஆறு ஆண்கள், பின்னால் பெய்லா. சேவகன் சூளை வரைக்கும் கூட வந்து, அங்கே ஒரு செங்கல் அடுக்கில் உட்கார்ந்துகொண்டான். ஊர்ப் பக்கமிருந்து கட்டைச் சத்தமும் நடுநடுவே பாட்டும் வந்தன. அது நெருங்கும்போது ஆறு பேரும் நடையை எட்டிப் போட்டார்கள், தள்ளிப்போகும்போது மூச்சு விட்டார்கள். ஒருமுறை சத்தம் சூளை மேட்டுக்கு அந்தப் பக்கமே கேட்டது. கால்மன் கையைக் காட்டினார். பாடையை இறக்காமல், தோளிலேயே வைத்துக்கொண்டு, சூளைச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஸெலிக்கின் கழுத்து நரம்பு புடைத்துத் துடிப்பதை பெய்லா பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் ஆற்றுப் பக்கம் திரும்பிப் போனது.

குழியில் தண்ணீர் ஊறியிருந்தது. பனி உருகின காலம், அந்த மண்ணில் இடுப்பளவு தோண்டினாலே கசியும். ஸெலிக் உள்ளே இறங்கி வாளியால் இறைத்தான். இறைக்க இறைக்க ஊறியது. கால்மன் சூரியனைப் பார்த்தார். அடிவானத்துக்கு மேல் ஒரு சாண் இருந்தது. இறைத்தது போதும், இறக்கு என்றார். அப்பா ஈரத்திலேயே இறங்கினார். பத்து பேர் இல்லாததால் அந்தப் பிரார்த்தனையை யாரும் சொல்லவில்லை. ஸெலிக்கின் உதடு மட்டும் அசைந்தது. கால்மன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் சாவுக்குரிய முறைப்படி மண்வெட்டியைப் புறம் திருப்பிப் பிடித்து முதல் மண்ணைத் தள்ளினார்.

திரும்பும்போது ஆற்றங்கரையில் புகை எழும்பியிருந்தது. காற்று இந்தப் பக்கம் அடித்தது. முதலில் வைக்கோல் வாசனை. அப்புறம் தோல் கருகுகிற நாற்றம். ஸெலிக்குக்குக் குல்லாய் விஷயம் தெரியாது. செருப்பா எரியுது என்றான்.

தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் கரையில் இருந்தார்கள். ஸ்தாகோவாவின் நிலையில் பாதி வெள்ளை, பாதி பழசு. தங்கள் வாசலில், காலையில் தண்ணீர் கொட்டிய அதே கல்லில், ஒரு வாளி நின்றது. விளிம்புவரை தண்ணீர்.

இடுகாட்டிலிருந்து வந்தவர்கள் கையலம்பாமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. வீட்டில் மிச்சம் ஒரு சொட்டும் இல்லை என்பது வைத்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஸெலிக் வாளியைக் குனிந்து பார்த்தான். முகர்ந்து பார்த்தான். "கொட்டிடு," என்றான். "எவன் வெச்சானோ, என்ன போட்டு வெச்சிருக்கானோ."

வேலியோரம் ஈரப்புல்லைப் பிடுங்கி, இரண்டு கையையும் அதில் தேய்த்துக்கொண்டு அவன் உள்ளே போனான். உள்ளேயிருந்து, சீக்கிரம் வா, பொழுது போகுது, விளக்கு ஏத்தணும் என்று கூப்பிட்டான்.

பெய்லா வாளியின் முன்னால் உட்கார்ந்தாள். கைப்பிடியில் ஒரு முழக் கயிறு அறுத்துவிட்டபடி தொங்கியது. அதன் முடிச்சு இரண்டு சுற்று, உள்ளே ஒரு வளையம், நுனி திரும்பவும் உள்ளே. ஆள் தொங்கினாலும் இறுகும், நழுவாது. கிணற்றில் இறக்கும்போது அப்பாவின் இடுப்பில் அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழக்கம்.

வலது கையில் ஊற்றினாள். இடது கையில். மறுபடியும் வலது. தண்ணீர் கல்லிலிருந்து படிக்கு இறங்கி, காலையில் போன சரிவிலேயே போனது. துடைக்கக் கூடாது, தானாகக் காய வேண்டும். இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எதிர்வீட்டுச் சன்னல் பலகை ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அவள் கை காயும்வரை அது மூடவில்லை.